பத்து ஊசியும் ஒரு வரியும்

காலை ஒன்பதரைக்கு வரைபட அலுவலகம் திறக்கும் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. அது கதவைப் பற்றிய செய்தி. அலுவலகம் திறப்பது வரைவாளர் வந்து ஒரு வரி தட்டிய பிறகுதான்.

ஊரிலுள்ள மனை, தோட்டம், கிணறு, பொதுவழி எல்லாவற்றின் எல்லையும் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுவது. நல்ல இயந்திரம். திரையும் நல்ல திரை. ஒரு கதவைக் கழற்றிப் படுக்க வைத்தது போல அகலம். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒன்று சொல்வதை மற்றொன்றுக்குப் புரிய வைக்க டிரைவர் என்று ஒரு நிரல் வேண்டும். மற்ற இடங்களில் பொத்தானை அழுத்தியதும் அது தானாக ஏறிக்கொள்கிறது. இங்கே ஏறாது. வரைவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கடவுச்சொல்லையும் அதன்பின் இருபத்து மூன்று எழுத்துள்ள ஒரு கட்டளையையும் தட்ட வேண்டும். தட்டினால் திரை ஒருமுறை கறுத்து, பின் விழித்து, முழு ஊரையும் காட்டும். தட்டாவிட்டால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் நிற்கும். வரைபடத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். கீழ்பாதி திரைக்கு வெளியே எங்கோ தொங்கும். திரையில் தெரிவதைத்தான் அது அச்சடித்தும் தரும்.

ராத்திரி அணைக்காமல் விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்காக: தீத்தடுப்புச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லாம் அணைய வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் விலக்கு. அது முன்பே நின்றுவிட்டது.

வரைவாளர் தட்டும்போது கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்பார். திரை விழித்ததும் பதிவேட்டில், ‘திரை ஏற்றப்பட்டது, மணி 9.41’ என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். எதைக் கொடுத்தாலும் மூன்று நகல் கேட்பதால் கண்காணிப்பாளருக்கு அலுவலகத்தில் ‘மூணு நகல்’ என்று பெயர். பெயர் அவர் காதுக்கும் போயிற்று. எண்ணிக்கை சரியாக இருப்பதால் அவர் ஆட்சேபிக்கவில்லை.

வரைவாளருக்கு வீட்டிலும் காலையில் ஒரு வேலை உண்டு. மனைவிக்குப் பத்து ஊசியில் நூல் கோத்து, உள்ளங்கை அளவுப் பஞ்சு மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். காஜா எடுக்கவும் ஓரம் மடிக்கவும் கை ஊசி வேண்டும்.

“பத்தா?”

“பத்து.”

“நேத்து ஒன்பதுதான் இருந்துச்சு.”

“ஒண்ணு கட்டிலுக்குக் கீழ விழுந்திருக்கும்.”

“விழுந்ததும் எனக்குத் தெரியாது, கிடக்கிறதும் தெரியாது. கால்ல ஏறினா சொல்றேன்.”

இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் ஒரு பிள்ளையின் சட்டையில் இரண்டும் இடக்கையாக வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் அம்மா சண்டை போடவில்லை. “பரவாயில்லக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் வரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வரவில்லை.

கண் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி வேறு ஊரில் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முற்றிப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்தார். முதல் நாள் பரிசோதனை, மறுநாள் ஆபரேஷன், அடுத்த நாள் கட்டுப் பிரிப்பது. மூன்று நாளும் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

“யார் வருவாங்கன்னு கேட்டார். நீங்கன்னு சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி. “உங்கள ஒரு வார்த்தை கேக்கல.”

“இதுல கேக்க என்ன இருக்கு?”

வரைவாளர் விடுப்பு விண்ணப்பம் எழுதினார். கேட்பதற்கு முன்பே மூன்று நகல் எடுத்தார்.

“லீவு உங்க உரிமை,” என்றார் கண்காணிப்பாளர். “மூணு நகலும் அழகா அடுக்கிக் குடுத்திருக்கீங்க, பார்க்கவே நிறைவா இருக்கு. ஆனா திரை?”

“வேற யாருக்காவது கடவுச்சொல் குடுத்துட்டுப் போறேன் சார்.”

“அது உங்க பேர்ல முத்திரை வச்ச உறைக்குள்ள இருக்கு.”

“உறைக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியுமே சார். சொல்லிடறேன்.”

“சொன்னா ரகசியத்தை வெளியிட்டதா ஆகும். உங்க மேல விசாரணை வைக்கணும். விசாரணைக்கு நீங்க இங்க இருக்கணும். அப்ப லீவ நான் எப்படிக் குடுப்பேன்?”

இதில் எந்த இடத்தில் தவறு இருக்கிறது என்று வரைவாளர் யோசித்தார். தனித்தனியாக எதிலும் இல்லை.

அவர் வராத நாள் என்று ஒன்று நடந்ததும் உண்டு. முந்தைய மழைக்காலத்தில் இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு நாளும் அலுவலகம் நிற்கவில்லை. மேல்பாதி வரைபடத்தை வைத்துக்கொண்டு நடந்தது. வடக்கில் நிலம் உள்ளவர்கள் ஒரு வரிசை, தெற்கில் உள்ளவர்கள் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு தச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் மனை சரியாகத் திரை முடியும் இடத்தில் இருந்தது; வீடு வடக்குப் பக்கம், பட்டறை தெற்குப் பக்கம். பட்டறையை ஒட்டிப் பக்கத்துக்காரர் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியிருந்தார்.

“உங்களுக்கு வடக்கு தயார்,” என்று கண்காணிப்பாளர் அரை வரைபடத்தை நீட்டினார். “தெற்குக்குத் தனியா விண்ணப்பம் குடுங்க.”

“ஐயா, தகராறே தெற்குலதான்.”

“வடக்குல தகராறு இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அதுவாவது முடியட்டும்.”

தச்சர் எழுதிக் கொடுத்தார். வேறென்ன செய்வார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வந்து அதே பெஞ்சில் உட்காருகிறார். தெற்கு விண்ணப்பம் வடக்கு விண்ணப்பத்தோடு சேர்ந்தால்தான் பரிசீலிக்க முடியும். வடக்கு விண்ணப்பமோ முடிந்த விண்ணப்பங்களின் அறைக்குப் போய்விட்டது.

விடுப்பு கேட்ட மூன்றாம் நாள் வரைவாளர் கண்காணிப்பாளரிடம் மறுபடி போனார்.

“சார், நான் இல்லாமலே திரை ஏறுற மாதிரி செஞ்சுடலாம். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கோப்புல ஒரு பேரை எடுக்கணும், இன்னொரு கோப்புல அதே பேரை எழுதணும். அப்புறம் தினமும் பொத்தானை அழுத்தினா அதுவே ஏறிக்கும். அஞ்சு நிமிஷ வேலை.”

“அஞ்சு நிமிஷத்துல முடியற வேலைக்கு நம்மகிட்ட வழிமுறை இல்லையே.”

“எதுக்கு சார் வழிமுறை?”

“அதைத்தான் நானும் சொல்றேன். எதுக்கு எடுத்தாலும் அவசரம்.”

ஆனாலும் மனுவை வாங்கிக்கொண்டார். டிரைவர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மனு வண்டி, லாரி ஓட்டுகிறவர்களின் பிரிவுக்குப் போய்விடுமோ என்று வரைவாளர் பயந்தார். போகவில்லை. அந்த அளவுக்கு அங்கே யாரும் முட்டாள் இல்லை. எல்லாரும் படித்தவர்கள், கவனமானவர்கள். கஷ்டமே அதுதான்.

மனு மூன்றாவது மாடிக்கு, கணினிப் பிரிவு அதிகாரியிடம் போயிற்று. அந்த அம்மாளின் மேசையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தது. தூசு படக்கூடாது என்பதால் அதைக் கழற்றுவதில்லை.

“நான் விசாரிச்சேன்,” என்றார் அதிகாரி. “நீங்க சொல்ற டிரைவர் தடைப்பட்டியல்ல இருக்கு.”

“ஆமா மேடம். அதான் தானா ஏற மாட்டேங்குது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இயந்திரத்தை வச்சுட்டுப் போன கம்பெனிக்காரர் எழுதினது. அப்ப இருந்த பழைய திரைக்கு அது ஒத்துக்கல, தொங்கிப் போச்சு. தற்காலிகமா தடைல போட்டார். அதே மாசம் புதுத் திரை வந்துடுச்சு. தடையை எடுக்க மறந்துட்டார்.”

“மறந்துட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த வரிக்கு மேலயே ‘பிறகு பார்க்கலாம்’னு எழுதி வச்சிருக்கார் மேடம்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப அது எழுத்துபூர்வமான உத்தரவு.”

“இல்ல மேடம், தனக்குத்தானே எழுதி வச்ச குறிப்பு.”

“ஒரு பேர் தடைப்பட்டியல்ல இருக்குன்னா சும்மா இருக்குமா? நெருப்பில்லாம புகையுமா? சரி, அது போகட்டும். நான் இன்னொண்ணு கேக்கறேன். ஆறு வருஷமா தடைல இருக்கிற ஒண்ணை நீங்க தினமும் காலைல உங்க கையால உள்ள விட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. அப்படித்தானே?”



“கண்காணிப்பாளர் பக்கத்துல நிப்பார் மேடம். பதிவேட்டுல கையெழுத்துப் போடுவோம்.”

“கையெழுத்து வேற போட்டிருக்கீங்க,” என்று அதிகாரி வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் வரைவாளருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. தடைசெய்யப்பட்ட ஒன்றை ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் அனுமதித்ததற்காக அவர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது? விளக்கம் ஏற்கப்படும் வரை அவர் ஊரைவிட்டுப் போகக் கூடாது. விளக்கம் ஏற்கப்படும் வரை அவர் வழக்கம்போலத் தினமும் காலையில் அதை அனுமதித்து வரவும் வேண்டும்.

டாக்டர் கொடுத்த முதல் தேதி அப்படிப் போயிற்று.

“போனா போகட்டும்,” என்றாள் மனைவி. “டாக்டர் வேற தேதி தருவார். அந்த நீல நூலா பச்சை நூலா சொல்லுங்க.”

“அது கறுப்பு.”

“அப்படியா.” அவள் நூல்கண்டை அதே இடத்தில் திருப்பி வைத்தாள்.

விளக்கத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். துணை இயக்குநர் தலைமை. கூட்ட அறையில் பதினாறு நாற்காலி, வரைவாளருக்குக் கதவோரம். துணை இயக்குநர் நிதானமான மனிதர். பேசும்போது கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொள்வார், மேசை எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது போல.

“இங்க ஒரு வார்த்தை எழுதியிருக்கு,” என்றார். “‘தானாக.’ தானா ஏறணும்னு இவர் கேக்கறார். நான் இதைக் கொஞ்சம் ஆழமாப் பார்க்கறேன். தானா நடக்குதுன்னா யார் நடத்தினாங்க? யாரும் நடத்தலைன்னா, நாளைக்கு ஒரு தப்பு வந்தா யாரைக் கேக்கறது?”

“தப்பு வராது சார்,” என்றார் வரைவாளர்.

“அது அதைவிட மோசம். தப்பு வராத இடத்துல மேற்பார்வைக்கு என்ன வேலை? இந்த அலுவலகத்துல நாற்பது பேர் இருக்கோம். இன்னிக்குத் திரை தானா ஏறும். நாளைக்கு வரைபடம் தானா அச்சாகும். அதுக்கு மறுநாள் விண்ணப்பம் தானா முடியும். அப்ப இத்தனை வருஷமா நாற்பது பேரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு வெளில ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்க யார்கிட்டயாவது இருக்கா?”

ஒருவர் தண்ணீர் குடித்தார்.

“நான் கேள்விப்பட்டதைச் சொல்லல. சொந்த அனுபவத்துல சொல்றேன். எந்தத் தேர்வும் எழுதாம, பணிமூப்புல நாலு தடவை தானா மேல ஏறினவன் நான். தானா ஏறினா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

எல்லாரும் மரியாதையோடு தலையசைத்தார்கள். கண்காணிப்பாளர் அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு ‘பிறகு பார்க்கலாம்’ விவாதத்துக்கு வந்தது. பிறகு என்பது வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும் என்று கணினிப் பிரிவு அதிகாரி சொன்னார். கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. கம்பெனி மூடி நாலு வருஷமாயிற்று. கடிதம் உறை பிரியாமல் திரும்பி வந்தது. அதைக் கம்பெனியின் பதிலாக ஏற்று, எண் போட்டு, கோப்பில் வைத்தார்கள். பதிலில் மறுப்பு எதுவும் இல்லை என்பது குழுவுக்குத் திருப்தியாக இருந்தது. ஒப்புதலும் இல்லை என்பதை அதிகாரி சுட்டிக்காட்டினார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது தேதி அப்படிப் போயிற்று.

இந்தத் தடவை டாக்டர் போனில் கொஞ்சம் கடுமையாகப் பேசினார். இதற்குமேல் தள்ளினால் புரை கல்லாக இறுகிவிடும், எடுக்கும்போது கண்ணுக்கே ஆபத்து, அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார். ஆபரேஷனுக்கு மூன்றாவதாக ஒரு புதன்கிழமை கொடுத்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள்.

“அந்த ஒரு வரிய நீங்களே எழுதிட்டு வந்துட்டா என்ன?”

“எழுதலாம்.”

“கை வலிக்குமா?”

“அச்சு இயந்திரத்துல காகிதம் மாட்டிக்கிட்டப்ப பதிவு எழுத்தர் கையால இழுத்து எடுத்தார், ஞாபகம் இருக்கா? இயந்திரம் ஓடுச்சு. அனுமதி இல்லாம சரிசெஞ்சார்னு அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சாங்க. மூணு வருஷமாச்சு. இன்னும் வீட்டுலதான் இருக்கார்.”

“வீட்டுல இருக்காரா?” என்றாள் அவள். “குடுத்து வச்ச பொண்டாட்டி.”

“எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருஷம்தான் பாக்கி.”

“தெரியும். எல்லாம் தெரியும். ரசம் எங்க இருக்குன்னுதான் தெரியல. எடுத்து ஊத்துங்க.”

மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு அறையில் யாரும் இல்லாதபோது வரைவாளர் அந்தக் கோப்பைத் திறந்தார். ‘பிறகு பார்க்கலாம்’. அதன் கீழே தடை வரி. வரியின் கடைசியில் நின்று கோடு ஒன்று மினுக்கியது. ஓர் எழுத்தை அழித்தார். இன்னொன்றை அழித்தார். டிரைவரின் பெயரில் பாதி போய்விட்டது. மூச்சு விட்டு நிமிர்ந்தால் வாசலில் கண்காணிப்பாளர் நிற்கிறார்.

“மணி அஞ்சே முக்கால். அணைக்கலாமா?”

“அணைக்கலாம் சார்.”

“எதையும் சேமிச்சு வைக்கலையே?”

வரைவாளர் திரையைப் பார்த்தார். விரல் எந்தப் பக்கமும் நகரவில்லை. “இல்ல சார்.”

“நல்லது,” என்றார் கண்காணிப்பாளர், ரொம்ப மெதுவாக. “நான் இப்பத்தான் வந்தேன். எதையும் பார்க்கல. எனக்கும் வீட்டுல ஆள் இருக்கு.”

திரை அணைந்தது. அழித்த இரண்டு எழுத்தும் காலையில் பத்திரமாகத் திரும்பி வந்து நின்றன.

யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் உத்தரவு வந்தது. அனுமதி. தடை வரியை நீக்கலாம், ஏற்றும் வரியை எழுதலாம், அரை வரைபடத்தோடு முடித்த விண்ணப்பங்களைத் திரும்ப எடுக்கலாம். புதன்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வரைவாளர் உத்தரவின் முதல் பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பெஞ்சில் இருந்த தச்சருக்குக் கூடப் படித்துக் காட்டினார்.

“அப்ப எனக்குத் தெற்கு கிடைச்சுடுமா?”

“கிடைச்சுடும்.”

“சுவர் இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு,” என்றார் தச்சர். “பரவாயில்ல, நல்ல செய்தி.”

உத்தரவுக்கு இரண்டாம் பக்கமும் உண்டு. அதைக் கண்காணிப்பாளர் விழா முடிந்து தருவதாகச் சொன்னார்.

விழாவுக்கு இயக்குநரே வந்தார். நாற்பது நாற்காலி, மேசைக்கு விரிப்பு, ‘திரை தானாக ஏறும் தொடக்க விழா’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. வரைவாளரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கௌரவத்துக்காக என்று நினைத்தார்.

“ரெண்டு கையையும் முழங்கால் மேல வச்சுக்குங்க,” என்று துணை இயக்குநர் குனிந்து சொன்னார். “நீங்க எதையும் தொடலைன்னு எல்லாருக்கும் தெரியணும்.”

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். வெள்ளை எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடின. திரை ஒருமுறை கறுத்தது. நாற்பது பேரும் வரைவாளரின் கையைப் பார்த்தார்கள். பிறகு திரை விழித்தது. வடக்கு, தெற்கு, கிணறு, பொதுவழி, முழு ஊர். நாற்பது வினாடிகூட ஆகவில்லை.

“அவ்வளவுதானா?” என்றார் இயக்குநர்.

“அவ்வளவுதான் சார்.”

“இதுக்கு ஏழு மாசமா?”

வரைவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் ஒருவர் கேட்டுவிட்டார்.

“ஏழே மாசம் சார்,” என்றார் துணை இயக்குநர் பணிவோடு.

இயக்குநர் தலையசைத்தார். “வேகமாத்தான் போறீங்க. பாராட்டணும்.”

கை தட்டினார்கள். போட்டோக்காரர் திரை விழித்த நொடியைத் தவறவிட்டதால் அணைத்து இன்னொரு முறை தொடங்கினார்கள். அதில் இயக்குநர் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது முறையும் அது தானாகவே ஏறியது. வரைவாளர் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தைக் கண்காணிப்பாளர் மறுநாள் கொடுத்தார். மூன்று நகல்.

திரை தானாக ஏறுகிறது என்பது தொண்ணூறு நாள் கண்காணிக்கப்பட வேண்டும். பொறுப்பு அலுவலரான வரைவாளர் நாள்தோறும் காலை ஒன்பதரைக்கு நேரில் இருந்து, எதையும் தொடாமல் பார்த்து, ‘தானாக ஏறியது. நான் எதுவும் செய்யவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் தேவையில்லை என்பதை அவர்தான் உறுதிசெய்ய முடியும் என்பதால், அந்தத் தொண்ணூறு நாளும் அவருக்கு விடுப்பு இல்லை.

“சார், புதன்கிழமை என் மனைவிக்கு...”

“தெரியும். நானும் மேல பேசிப் பார்த்தேன். முன்னெல்லாம் நீங்க இல்லாட்டி பாதி திரையாவது தெரியும், பாதி வேலையாவது நடக்கும். இப்ப நீங்க பார்க்காம அது ஏறினா, ஏறினதே செல்லாதுன்னு சொல்றாங்க. முழுத் திரையையும் மூடி வைக்கணும்.” கண்காணிப்பாளர் காகித எடைக் கல்லை நகர்த்தி வைத்தார். “கேக்காமலே இருந்திருக்கலாம் நீங்க.”

வரைவாளரின் அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒரு பையோடு செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் வந்து நின்றாள்.

“ஏண்டா, உன் கம்ப்யூட்டர் தானா எழுந்துக்குதாமே?”

“ஆமாக்கா.”

“அப்புறம் நீ எதுக்கு அங்க?”

“அது தானா எழுந்துக்குதான்னு பார்க்கக்கா.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாத்தனாரும் தம்பி மனைவியுமாகப் பேசிக்கொள்ளும் குரலில் உள்ளே பார்த்துச் சொன்னாள். “வா, நாம கிளம்புவோம். இவனை நம்பினா உனக்குக் கண்ணும் இல்ல, எனக்குப் பஸ்ஸும் இல்ல.”

“அவரைத் திட்டாதீங்க அண்ணி,” என்றாள் மனைவி. “அவர் என்ன செய்வார்?” சொல்லிக்கொண்டே கையால் செருப்பைத் தடவித் தேடினாள்.

பஸ் போனபின் வரைவாளர் வீட்டுக்கு வந்தார். பஞ்சு மெத்தை இருந்தது. பத்து ஊசியிலும் நூல் கோத்துக் குத்தி முடித்த பிறகுதான் இன்று தைப்பதற்கு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினார்கள். திரை ஏறியது. கையெழுத்திட்டார். ஒன்பது ஐம்பதுக்கு அக்காவின் போன்.

“கூட வந்தவர் கையெழுத்துன்னு கேட்டாங்க, நான் போட்டுட்டேன். உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. போறப்ப உன்னைத்தான் கேட்டா.”

“என்ன கேட்டா?”

“திரை ஏறிடுச்சான்னு கேட்டா.”

அன்று தச்சருக்குத் தெற்கும் கிடைத்தது. பிரிக்காமல் மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுவர் கூரை வரைக்கும் எழும்பிவிட்டதாகவும், வரைபடத்தைப் பட்டறையில் மாட்டி வைக்கப் போவதாகவும் சொன்னார். ஒன்று இப்போது பக்கத்துக்காரருடையதாகிவிட்டதால், பட்டறையில் மூன்று சுவர்தான் பாக்கி என்றார்.

மனைவிக்கு ஒரு கண் நன்றாகவே வந்தது. இறுகியிருந்ததால் கொஞ்சம் சிரமப்பட்டு எடுத்ததாக டாக்டர் சொன்னார். மற்றதை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஒரு மாதம் சொட்டு மருந்து. அதன்பின் கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி கொடுத்தார்கள்.

கண்ணாடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வரைவாளர் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு நாளையும் இன்னும் இரண்டு நகலாக எழுதிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒட்டடையைப் பார்த்தாள். அவர் தலையைப் பார்த்து, “எப்ப இவ்வளவு நரைச்சுது?” என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டை இழுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் படிக்கிற முதல் எழுத்து.

“‘தானாக ஏறியது. நான் எதுவும் செய்யவில்லை.’ கீழ உங்க கையெழுத்து.”

“ம்.”

ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். “இதுலயும் அதேதான்.”

“எல்லா நாளும் அதுதான்.”

இன்னும் சில பக்கம் புரட்டி ஒரு தேதியில் நின்றாள். புதன்கிழமை. அதையும் முழுதாகப் படித்தாள். கையெழுத்தையும் படித்தாள். கோபித்துக்கொள்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பதிவேட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

பிறகு பஞ்சு மெத்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வெறும் ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நூல் நுனியை உதட்டில் வைத்து முறுக்கி நீட்டினாள். முதல் தடவையிலேயே போயிற்று. இழுத்து, முடிச்சிட்டு, மெத்தையில் குத்தினாள்.

“நாளைலேர்ந்து நீங்க ஊசி கோக்க வேணாம்,” என்றாள். “பக்கத்துல நின்னு பார்த்துட்டு, கையெழுத்து மட்டும் போடுங்க.”